லீ கவுன்டியின் பால்வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்புறக் கவுன்டிகள் பலவற்றில், பொருளாதார மேம்பாட்டு அமைப்பு என்ற பெயரில் ஒரு சிறிய அலுவலகம் இயங்குவதைக் காணலாம். அது எதையும் உற்பத்தி செய்வதில்லை, எதையும் விற்பதில்லை, பல இடங்களில் அரசுத் துறையாகவும் இருப்பதில்லை. ஆனால் வெளியூர் முதலாளி ஒருவர் தொழிற்சாலை கட்ட இடம் தேடி வரும்போது முதலில் சந்திப்பது அந்த அலுவலகத்தாரைத்தான். நிலம் எங்கே கிடைக்கும், தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் எவ்வளவு தொலைவில் உள்ளன, வேலைக்கு எத்தனை பேர் கிடைப்பர், அவர்களுக்குப் பயிற்சி தரக் கல்லூரி உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்வதும், விடை இல்லாத இடத்தில் அதை உண்டாக்கித் தருவதும் அதன் பணி. இத்தகைய அமைப்புகளில் பெரும்பகுதி, ஆலைகளை ஊருக்கு இழுத்துவரும் ஒரே நோக்கத்தோடு உள்ளூர் வணிகர் சங்கங்களிலிருந்து கிளைத்தவை என்பதால், அவற்றின் தோற்ற வரலாறு ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கும். மிசிசிப்பி மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள லீ கவுன்டியில் 1948இல் உருவான சமூக மேம்பாட்டு அறக்கட்டளை இந்த வரிசையில் சேராதது. அதன் வேரைத் தேடிப் போகிறவர் மாட்டுத் தொழுவத்தில் போய் நிற்பார்.

கவுன்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப் பிரிவு. அது மாவட்டத்துக்கு நிகரானது என்று சொல்வது வழக்கமானாலும், பரப்பையும் மக்கள்தொகையையும் பார்த்தால் மிசிசிப்பியின் கவுன்டியை நம்முடைய வட்டத்தோடு ஒப்பிடுவதே பொருந்தும். அந்த மாநிலத்தில் 82 கவுன்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழு, சாலை, பாலம், சொத்துவரி முதலியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. மாநில அரசு அனுப்பிவைக்கும் ஆட்சியர் என்று எவரும் அங்கே இல்லை. ஆகவே கவுன்டியின் பொருளாதாரத்தை மேலிருந்து திட்டமிடும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் தனியார் முயற்சிகள் முளைத்தன.

லீ கவுன்டி 1866இல், உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, தோற்ற தரப்பின் படைத்தலைவர் ராபர்ட் லீயின் பெயரைத் தாங்கி உருவாக்கப்பட்டது. அதன் தலைநகரான டூபெலோ, ஒரு மர வகையின் பெயரைக் கொண்ட சிற்றூர். அந்தக் கவுன்டியின் வாழ்வும் தாழ்வும் பருத்தியோடு பிணைந்திருந்தன. நிலமில்லாத குடும்பங்கள், கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களுமாக, வாரத்துக்கு உழுதன. அதாவது நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சல் பங்குக்கு என்ற ஏற்பாடு. விதை, மாவு, துணி எல்லாம் ஆண்டு முழுவதும் கடையில் கடனாக வாங்கப்பட்டு, பருத்தி விற்ற பின் இலையுதிர் காலத்தில் ஒரே முறை கணக்கு முடிக்கப்படும். விலை சரிந்த ஆண்டில் கணக்கு முடியாது. கடன் அடுத்த ஆண்டுக்கு நகரும். 1892இல் மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு 1907இல் மிசிசிப்பியை எட்டி, ஏற்கெனவே மண் தேய்ந்து ஓடைகள் அறுத்துக் கிடந்த மேட்டு நிலங்களில் எஞ்சியிருந்ததையும் தின்றது. அமெரிக்காவிலேயே மிக ஏழையான மாநிலம் என்று பெயரெடுத்த மிசிசிப்பியில், லீ கவுன்டியும் ஏழையான ஒன்றாகவே எண்ணப்பட்டது.

சமூக மேம்பாட்டு அறக்கட்டளை போன்ற அமைப்பு லீ கவுன்டியில் திடீரென்று தோன்றிவிடவில்லை. அதற்கு முன்னே இரண்டு ஓடைகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது உழவர் பக்கத்திலிருந்து வந்தது. 1911இல் நியூயார்க் மாநிலத்தின் புரூம் கவுன்டியில், பிங்கம்ட்டன் நகர வணிகர் சங்கமும் ஒரு ரயில் நிறுவனமும் நடுவண் வேளாண் துறையும் சேர்ந்து, உழவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு முகவரை அமர்த்தின. சுற்றுப்புறப் பண்ணைகள் நலிந்தால் சரக்கு ரயிலும் நகரக் கடைகளும் நலியும் என்ற எளிய கணக்குதான் அதற்குக் காரணம். அந்தச் சங்கத்தில் சாலைக்கு ஒரு பிரிவு, வரிக்கு ஒரு பிரிவு என்று இருந்ததைப் போல உழவுக்கும் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. பின்னாளில் நாடு முழுவதும் பரவி, அரசியல் வலிமை மிக்க உழவர் பேரமைப்பாக வளர்ந்த பண்ணைப் பிரிவு இயக்கத்தின் பெயர் இந்தச் சிறு ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். 1914இல் இயற்றப்பட்ட ஸ்மித்–லீவர் சட்டம், வேளாண் கல்லூரிகள் வழியாகக் கவுன்டிதோறும் விரிவாக்க அலுவலர்களை அமர்த்தும் முறையை நாட்டுக்குப் பொதுவாக்கியது.

இரண்டாவது ஓடை ஆலைப் பக்கத்திலிருந்து வந்தது. அதன் ஊற்று மிசிசிப்பியிலேயே இருந்தது. மாநிலத்தின் தென்பகுதியில் கொலம்பியா என்ற சிற்றூரின் மேயராகவும் மர அறுவை ஆலை முதலாளியாகவும் இருந்த ஹியூ ஒயிட், காடுகள் வெட்டித் தீர்ந்து ஆலைகள் மூடப்பட்டபோது, ஊராரிடம் நிதி திரட்டி வெளியூர்த் தையல் ஆலை ஒன்றைத் தம் ஊருக்கு வரவழைத்தார். அவரே 1936இல் ஆளுநரானதும் அந்த உத்தியைச் சட்டமாக்கினார். ‘வேளாண்மையைத் தொழிலால் சமன்செய்தல்’ என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்தின்படி, ஓர் ஊர் தன் பெயரில் கடன் பத்திரங்களை வெளியிட்டு, அந்தப் பணத்தில் ஆலைக் கட்டடம் எழுப்பி, அதைத் தனியார் நிறுவனத்துக்கு மலிவாகக் குத்தகைக்கு விடலாம். பொதுப் பணத்தைத் தனியாருக்குத் தரலாமா என்ற கேள்வி நீதிமன்றம் சென்றபோது, வறுமையை ஒழிப்பதும் பொதுநோக்கமே என்று மாநில உச்ச நீதிமன்றம் 1938இல் ஏற்றுக்கொண்டது. இன்று அமெரிக்க மாநிலங்கள் ஆலைகளைக் கவர ஒன்றோடொன்று போட்டியிட்டு அள்ளித் தரும் சலுகைகளுக்கெல்லாம் முன்னோடியாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இந்தச் சட்டத்தைத்தான். அதன் கவர்ச்சியில் பெரும்பங்கு மலிவான கூலியும் தொழிற்சங்கம் இல்லாத ஊரும்தான் என்பதை மறைக்க எவரும் பெரிதாக முயலவில்லை.

டூபெலோவுக்கு இந்த இரண்டு ஓடைகளும் புதியவை அல்ல. முன்பே இருந்த ரயில் பாதையை 1887இல் இரண்டாவது பாதை ஒன்று தங்கள் ஊரிலேயே குறுக்காகக் கடக்கச் செய்தபோது, சந்திப்பு நிலையம் இருக்கும் ஊருக்குத்தான் வணிகம் வரும் என்பதை அவ்வூரார் கண்டுகொண்டிருந்தனர். 1920களில், பருத்தி கைவிட்டபோது, பாலைக் கெட்டியாக்கி டப்பாவில் அடைக்கும் கார்னேஷன் நிறுவனத்தின் ஆலையும் அங்கே வந்தது. பசு, பன்றி, கோழி மூன்றையும் வளர்த்தால் பருத்தியின் பிடியிலிருந்து விடுபடலாம் என்பது அந்நாளில் தெற்குப் பகுதி வங்கியாளர்கள் பலர் உழவர்களிடம் ஓதிவந்த மந்திரம்.

1930கள் அவ்வூருக்கு அடுத்தடுத்து மூன்று பெரும் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தன. டென்னசி ஆற்றில் அணைகள் கட்டி மலிவான மின்சாரம் வழங்கும் பொருட்டு 1933இல் நடுவண் அரசு அமைத்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடமிருந்து மின்சாரம் பெற்ற முதல் நகரம் என்ற பெயர், 1934 பிப்ரவரியில் டூபெலோவுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அதைப் பாராட்டினார். அந்த ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றிய ஜான் ரான்கின் டூபெலோவைச் சேர்ந்தவர். ஏழை உழவனின் வீட்டுக்கு விளக்கேற்றியவர் என்று புகழப்பட்ட அவரே, அவையில் இனவெறி பேசுவதில் எவருக்கும் பின்தங்காதவர் என்பதையும் சேர்த்தே அந்த மண்ணின் அரசியலைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது நிகழ்ச்சி 1936 ஏப்ரல் 5 அன்று நகரைக் கிழித்துச் சென்ற சூறாவளி; இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அதிகாரப்பூர்வக் கணக்கு சொல்கிறது, ஆனால் இறந்த கறுப்பர்கள் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. மூன்றாவது, 1937இல் நகரின் நூற்பாலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தம். அது சமரசத்தில் முடியவில்லை, ஆலையே மூடப்பட்டது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே விழுந்த கசப்பு ஊரில் நெடுநாள் தங்கிவிட்டது.

இந்தக் கசப்பின் நடுவே நின்றவர் ஜார்ஜ் மெக்லீன். 1904இல் மிசிசிப்பியின் வினோனா என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்; சமயக் கல்வியிலும் உளவியலிலும் ஈடுபாடு கொண்டவர்; மெம்பிஸ் நகரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1934இல் டூபெலோவின் நொடித்துப்போன செய்தித்தாள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதன் உரிமை ஒரு திவாலான வங்கியின் கையில் இருந்ததால், திவாலான தாளைத் திவாலான வங்கியிடமிருந்து வாங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. நூற்பாலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் பக்கம் நியாயம் உண்டு என்று அவருடைய தாள் எழுதியது. அதற்காக நகர வணிகர்கள் சினந்து விளம்பரங்களை நிறுத்தினர். இப்படி விலக்கப்பட்ட மனிதரே பத்தாண்டுகள் கழித்து அதே வணிகர்களின் பணப்பையைத் திறக்கவைத்தார் என்பதுதான் லீ கவுன்டி வரலாற்றின் விந்தை. அவர் தம் கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்று சிலர் கருதுவதுண்டு. வணிகர்களுக்கு விளங்கும் மொழியைக் கற்றுக்கொண்டார் என்று சொல்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நீதியைப் பற்றிப் பேசுவதை விட்டு அவர் கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவருடைய வாதம் இதுதான். ஒரு செய்தித்தாள் வாழ வேண்டுமானால் அதில் விளம்பரம் செய்யும் கடைகள் வாழ வேண்டும். கடைகள் வாழ வேண்டுமானால் அவற்றில் பொருள் வாங்க வரும் நாட்டுப்புறக் குடும்பங்களின் கையில் பணம் புழங்க வேண்டும். அந்தக் குடும்பங்களோ ஆண்டுக்கு ஒரு முறைதான் பணத்தைக் கண்ணால் பார்க்கின்றன. ஆகவே நகரத்தின் எதிர்காலம் நகரத்தில் இல்லை. வெளியிலிருந்து ஓர் ஆலை வந்து ஊரைக் காப்பாற்றும் என்று காத்திருப்பதைவிட, நகரைச் சுற்றி ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் உழவர்களின் வருமானத்தைக் கூட்டுவதில் வணிகர்கள் முதலில் பணம் போட வேண்டும் என்றார் அவர்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழி பால். பருத்திக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் நூல்கள் வருமானத்தின் கால இடைவெளி என்று சொல்லும். வீட்டுக்காரிகள் அதை இன்னும் தெளிவாக அறிவார்கள். பருத்தி ஆண்டுக்கு ஒரு முறை காசு தரும், பாலுக்கோ மாதத்தில் இரண்டொரு முறை காசோலை வரும். கையில் காசு உள்ள குடும்பம் கடையில் கடன் சொல்வதில்லை. கடன் சொல்லாத குடும்பம் கடைக்காரர் சொல்லும் விலைக்கும் வட்டிக்கும் கட்டுப்படுவதில்லை. தவிரவும், மாட்டுக்குப் புல் வேண்டும். புல் வளர்ந்தால் மழையில் அரித்துப் போகும் மேட்டு மண் நிலைக்கும். பக்கத்து அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற இடத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் நடத்திவந்த உர ஆராய்ச்சியும், மின்சாரத்தால் ஓடிய பால் குளிர்விப்பான்களும் இந்த மாற்றத்துக்குத் தோதாக அமைந்தன.

இடையூறாக நின்றது மாடுதான். லீ கவுன்டியின் நாட்டு மாடுகள் வீட்டுத் தேவைக்குக் கறக்குமே ஒழிய விற்கும் அளவுக்குக் கறக்கா. உயர்ந்த இனப் பொலிகாளை ஒன்றை வாங்கிக் கட்டிவைப்பது மூன்று நான்கு பசுக்கள் வைத்திருக்கும் உழவரால் ஆகாத காரியம். இந்த முடிச்சை அவிழ்த்தது, நம் நாட்டுப்புறங்களில் சினை ஊசி என்று வழங்கும் செயற்கைக் கருவூட்டல் முறை. நல்ல காளை ஒன்றின் விந்தைச் சேகரித்து, பயிற்சி பெற்றவர் ஒருவர் பசு இருக்கும் இடத்துக்கே எடுத்துச் சென்று செலுத்துவதன் மூலம், ஒரு காளையின் குணங்களை நூற்றுக்கணக்கான தொழுவங்களுக்குக் கொண்டுசெல்லலாம். அமெரிக்காவில் இதற்கான முதல் கூட்டுறவுச் சங்கமே 1938இல்தான் நியூஜெர்சி மாநிலத்தில் தொடங்கப்பட்டிருந்தது. தெற்கின் ஏழைக் கவுன்டி ஒன்று அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைக் கையிலெடுத்தது துணிச்சலான செயல். நகரத்து வணிகர்களும் வங்கியும் பணம் கொடுத்தனர். பால்மாட்டு வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். நெய்ப்புச் சத்து மிகுந்த பாலுக்குப் பெயர்பெற்ற ஜெர்சி இனக் காளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. துணிக்கடைக்காரரும் இரும்புக்கடைக்காரரும் தாம் ஒருபோதும் கறக்கப்போகாத பசுக்களுக்காகச் சந்தா கட்டிய இந்த ஏற்பாடு, பின்னே வந்த எல்லாவற்றுக்கும் ஒத்திகையாக அமைந்தது. பால் வருமானம் ஏறியபோது கடைகளின் விற்பனையும் ஏறியதை வணிகர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்திலேயே கண்டனர். அதன்பின் மெக்லீன் அவர்களிடம் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

பால் திட்டம் ஒரு பாடத்தையும் கற்றுத் தந்தது. வல்லுநர் வந்து சொன்னால் உழவர் கேட்டுக்கொள்வார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் செய்து காட்டினால்தான் தாமும் செய்வார். அதனால் 1940களின் பிற்பகுதியில் ஊரக மேம்பாட்டு மன்றங்கள் என்ற பெயரில் ஊர்தோறும் சிறு குழுக்கள் அமைக்கப்பட்டன. இங்கே ஊர் என்பது சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட ஒன்று அன்று. ஒரு பள்ளிக்கூடத்தையோ தேவாலயத்தையோ ஒரு குறுக்குச் சாலைக் கடையையோ சுற்றி வாழும் குடும்பங்களின் கூட்டம். அவர்கள் கூடித் தலைவரையும் செயலரையும் தேர்ந்தெடுத்தனர். தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தனர். ஓரிடத்தில் சாலை, ஓரிடத்தில் மின் இணைப்பு, வேறோரிடத்தில் மண் பரிசோதனை அல்லது வீடுகளுக்கு வண்ணம் பூசுதல் என்று பணிகள் வேறுபட்டன. ஆண்டுதோறும் மன்றங்களுக்கிடையே போட்டி வைத்துப் பரிசு கொடுத்தனர். மெக்லீனின் செய்தித்தாள் ஒவ்வொரு மன்றத்தின் செயலையும் பெயர் சொல்லி அச்சிட்டது. தன் பெயரைத் தாளில் பார்க்கும் மகிழ்ச்சியைப் பொருளாதாரக் கோட்பாடுகள் கணக்கில் கொள்வதில்லை என்றாலும், நாட்டுப்புறத்தில் அது பரிசுப் பணத்தைவிட அதிகமாக வேலை செய்தது என்று கருத இடமுண்டு.

மன்றங்களால் நகரத்துக்கு நேர்ந்த நன்மை சற்று மறைமுகமானது. பொதுக்கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள், வரவுசெலவு எழுதத் தெரிந்தவர்கள், கவுன்டி மேற்பார்வைக் குழுவின் முன் நின்று தயங்காமல் பேசத் தெரிந்தவர்கள் என்று ஒரு தலைமுறை உருவாயிற்று. பின்னாளில் தொழிற்சாலைக்காக நிலம் கேட்டபோதும் பள்ளிகளுக்காக வரி உயர்த்தியபோதும் அந்தத் தலைமுறைதான் துணைநின்றது. டூபெலோவின் வரலாற்றை நெடுங்காலம் ஆராய்ந்த மிசிசிப்பி சமூகவியலாளர் வான் கிரிஷாம், பொருளாதார மேம்பாட்டுக்கு முன்னால் சமூக மேம்பாடு நிகழ வேண்டும், அதற்கும் முன்னால் மனிதர்களுக்குத் தலைமைத் திறன் வாய்க்க வேண்டும் என்று அவ்வூரை எடுத்துக்காட்டாக வைத்து வாதிட்டவர்.

1948இல் சமூக மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. அதுவரை இருந்த வணிகர் சங்கம் அதற்கு வழிவிட்டு மறைந்தது. பெயர் மாற்றம் வெறும் அலங்காரம் ஆகவில்லை. வணிகர் சங்கம் என்றால் உறுப்பினரின் நலனைக் காப்பது அதன் முதற்கடமை, சமூக மேம்பாட்டு அமைப்பு என்றாலோ உறுப்பினரல்லாதவரின் வருமானமும் அதன் பொறுப்பு. இலாபம் ஈட்டாத நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட அது, வணிகர்களும் வங்கிகளும் தொழில் செய்வோரும் ஆண்டுதோறும் கட்டும் சந்தாவில் இயங்கியது. ஊரக மன்றங்களை நடத்துவதும், உழவர்களுக்கு ஆலோசனை தருவதும், நகர வணிகத்தைக் கவனிப்பதும், ஆலைகளை வரவழைப்பதும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இவற்றைத் தனித்தனிச் சங்கங்களாகப் பிரித்துவைத்த அண்டைக் கவுன்டிகளில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியே காலம் போயிற்று என்பதை நினைத்தால், இந்த ஒற்றைக் கூரையின் அருமை விளங்கும்.

அமைப்பு தோன்றிய அதே 1948ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கு டூபெலோவில் இரண்டு அறை வீட்டில் பிறந்து அப்போது 13 வயதாகியிருந்த ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு ஓர் ஏழைக் குடும்பம் பிழைப்புத் தேடி மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனின் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. அக்குடும்பத்தின் பெயர் பின்னாளில் உலகறிந்ததாயிற்று என்பது ஒன்றுதான் வேறுபாடு. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே சாலையில் அதே காலத்தில் வெளியேறிக்கொண்டிருந்தன. 1940க்கும் 1950க்கும் இடையே லீ கவுன்டியின் மக்கள்தொகை ஏறவே இல்லை. 38,000ஐ ஒட்டியே நின்றது. எந்திரங்கள் வயலுக்கு வந்ததால் வாரத்துக்கு உழுதவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சொந்த நிலமும் புல்வெளியும் இல்லாதவருக்குப் பால் திட்டத்தால் பெரும்பயன் இல்லை என்ற உண்மையும் அப்போது வெளிப்பட்டது. ஆலைகளின் பக்கம் அமைப்பு திரும்பியது இந்த நெருக்கடியில்தான்.

திரும்பிய விதத்தில் தொழுவத்தின் பாடம் மறக்கப்படவில்லை. ஆலைகளையெல்லாம் டூபெலோவிலேயே குவிக்காமல், கவுன்டியின் சிற்றூர்களிலும் அண்டைக் கவுன்டிகளிலும் பரவலாக அமையும்படி அமைப்பு முயன்றது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வராமலேயே உழவர் வீட்டு ஆணோ பெண்ணோ ஆலை வேலைக்குப் போய்வரலாம். சம்பளம் ஆலையில், மாடு வீட்டில், சனிக்கிழமைச் சந்தை டூபெலோவில் என்பது அதன் கணக்கு. பக்கத்து யூனியன் கவுன்டியின் நியூ ஆல்பனியில் சிகாகோவைச் சேர்ந்த மாரிஸ் ஃபுடோரியன் என்ற அறைகலன் முதலாளி 1948இல் தொடங்கிய ஆலை இதற்கு வாய்ப்பாக அமைந்தது. மெத்தை வைத்துத் துணி போர்த்திய சாய்விருக்கைகளைத் தச்சர் ஒருவரே முழுதாகச் செய்துமுடிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளைப் போல வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து வரிசையில் செய்யும் முறையை அவர் கொண்டுவந்தார். அவரிடம் வேலை கற்றவர்கள் பிரிந்து சென்று தனி ஆலைகளைத் தொடங்கினர். அந்த ஆலைகளுக்கு நுரைமெத்தை, சட்டம், துணி வழங்கும் சிறு தொழில்கள் கிளைத்தன. சில பத்தாண்டுகளில் வடகிழக்கு மிசிசிப்பி, அமெரிக்காவின் சாய்விருக்கைத் தொழிலின் தலையாய மையங்களுள் ஒன்றாயிற்று. இவ்வளவையும் சமூக மேம்பாட்டு அறக்கட்டளையே உருவாக்கியது என்று சொல்வது மிகை. நிலத்தை முன்கூட்டியே வாங்கித் தொழிற்பேட்டைகளாக்கியது, சமூகக் கல்லூரியில் தொழிற்பயிற்சியை ஏற்பாடு செய்தது, புதிதாகத் தொடங்குபவர் வங்கியை அணுகத் துணைநின்றது என்ற அளவில் அது மண்ணைப் பதப்படுத்தியது. விதை வேறு கைகளிலிருந்து வந்தது. ஹாரி மார்ட்டின் என்பவர் பல பத்தாண்டுகள் இடைவிடாமல் அதன் தலைமை நிர்வாகியாக இருந்ததும், அரசியல் மாறினாலும் கொள்கை மாறாதிருக்க உதவியது.

அமைப்பின் குறைகளும் அதன் தோற்றத்திலேயே இருந்தன. அது வணிகர்களின் பணத்தில், வணிகர்களின் தலைமையில் உருவானது. பிறர் செழித்தால் நாமும் செழிப்போம் என்ற அறிவார்ந்த தன்னலமே அதன் அடித்தளம். அந்தத் தன்னலம் எந்த எல்லைவரை போகுமோ அந்த எல்லைவரைதான் அமைப்பும் போயிற்று. 1937 வேலைநிறுத்தத்தின் நினைவு மறையாத ஊரில், கூலியை உயர்த்தத் தொழிலாளர் ஒன்றுசேர்வதை அது ஒருபோதும் தன் வேலையாகக் கருதவில்லை. அமைப்பு பிறந்த காலத்தில் மிசிசிப்பியில் நிறவொதுக்கல் சட்டமாகவே இருந்தது. பள்ளியும் தேவாலயமும் தனித்தனி என்ற நிலையில், அவற்றைச் சுற்றி அமைந்த ஊர்க்கூட்டங்களும் நிறத்தால் பிரிந்தவைதான். பின்னாளில் இரு நிறத்தாரின் பள்ளிகளை ஒன்றிணைத்தபோது மாநிலத்தின் பல ஊர்களில் நடந்ததைப் போல வெள்ளையர்கள் மொத்தமாகத் தனியார் பள்ளிகளுக்கு ஓடிவிடாமல் பொதுப்பள்ளிகளைக் காத்ததற்காக டூபெலோ பாராட்டப்படுகிறது. அது உரிய பாராட்டே. ஆனால் 1978இல், கறுப்புக் கைதி ஒருவரை வெள்ளைக் காவலர்கள் அடித்த நிகழ்ச்சியை ஒட்டி, மிசிசிப்பி ஐக்கிய லீக் என்ற அமைப்பு டூபெலோ வீதிகளில் ஊர்வலம் நடத்தி நகரக் கடைகளைப் புறக்கணிக்கச் செய்ததையும், எதிரே வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் அணிவகுத்ததையும் அந்தப் பாராட்டோடு சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். நகரத்தின் கல்லாப்பெட்டி நாட்டுப்புறத்தை நம்பியிருக்கிறது என்று மெக்லீன் 1940களில் கற்பித்த பாடத்தை, அந்தப் புறக்கணிப்பின் மூலம் கறுப்பின மக்கள் வணிகர்களுக்கு இன்னொரு முறை கற்பித்தனர் என்று சொல்லலாம்.

மெக்லீனும் அவர் மனைவி அன்னாவும் 1972இல் கிரியேட் என்ற பெயரில் பொதுநல அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, செய்தித்தாளின் உரிமை அதனிடம் சேரும்படி ஏற்பாடு செய்தனர். தொடக்க வகுப்புகளில் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் துணையாசிரியர்களை அமர்த்துவதற்கு அதன் வழியாகப் பெருந்தொகை செலவிடப்பட்டது. படிக்கத் தெரியாத தொழிலாளியை வைத்துக்கொண்டு எந்த ஆலையும் நிலைக்காது என்பது மெக்லீனின் பிற்கால வாதம். 1983இல் அவர் மறைந்தார்.

2000க்குப் பின் சாய்விருக்கை ஆலைகள் சீன இறக்குமதியின் முன் தள்ளாடத் தொடங்கியபோது, லீ கவுன்டி தனியாகப் போட்டியில் இறங்கவில்லை. போன்டடாக், யூனியன், லீ ஆகிய மூன்று கவுன்டிகளும் கூட்டணி அமைத்து, பெருந்தொழிற்சாலை ஒன்றுக்கு ஏற்ற நிலத்தைச் சேர்ந்தே உருவாக்கின. நிலம் எந்தக் கவுன்டியில் இருந்தாலும் செலவும் வரவும் மூன்றுக்கும் பொது என்ற உடன்பாடு, கவுன்டிக்குக் கவுன்டி போட்டியும் பொறாமையும் நிறைந்த அமெரிக்க நாட்டுப்புறத்தில் எளிதில் காணக்கூடியது அன்று. 2007இல் டொயோட்டா நிறுவனம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. 2011இல் கொரோலா கார்கள் வெளிவரத் தொடங்கின. தொழிற்சாலை இருப்பது யூனியன் கவுன்டியின் புளூ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில். மூன்று கவுன்டிகளின் பள்ளிகளுக்காக அந்நிறுவனம் 5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு ஏற்படுத்திய கல்வி நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு, மெக்லீன் தம் செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுப் போன அதே கிரியேட் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.